கதவுக்குப் பின்னால் வளையல்கள்

பூமிகாவின் கையில் வளையல் குலுங்கியது. ரோசம்மாளுக்கு வயிறு எரிந்தது.

செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. கர்ப்பிணிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதம். எடையை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். பி.பி.யை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி பார்க்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து பேச வேண்டும். புதிதாக வந்த டாக்டரம்மா கொண்டுவந்த முறை அது. பெண்கள் அதற்கு ரவுண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ரவுண்டை நடத்துகிறவள் ரோசம்மாள். அந்தப் பகுதியின் கிராம செவிலியர். செவிலியரும் தரையில்தான் உட்கார வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முட்டி வலிக்கிறது என்று சொல்லி ரோசம்மாள் நாற்காலியை விடவில்லை.

"கால் மரத்துப் போவுதுக்கா," என்றாள் கிறிஸ்டினா.

கிறிஸ்டினா ரோசம்மாளின் அக்கா மருமகள். அக்கா மகன் பென்னியின் மனைவி. ஒரே தெரு. வீட்டில் 'சின்னத்தை' என்று கூப்பிடுவாள். இங்கே 'சிஸ்டர்'. இப்போது கூப்பிட்டது இரண்டும் இல்லை. பூமிகாவைப் பார்த்துத்தான் 'அக்கா' என்றாள்.

"நாள் பூரா நின்னுக்கினே பேக்கிங் போட்டா மரத்துத்தான் போவும்," என்றாள் பூமிகா. "சூப்பர்வைசரண்ட ஸ்டூல் கேளு."

"கேட்டேன்க்கா. ஊட்லயே போய் ஒக்காந்துக்கோன்றான்."

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கசொல்ல எங்க ஒக்காந்தாளாம்? அவன் தலைமேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூமிகா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கண்ணாடி வளையல்கள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடின. சத்தம் கேட்டதும் எல்லா முகங்களும் அந்தப் பக்கம் திரும்பின.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். கால்சியம் மாத்திரையை விடக் கூடாது," என்றாள் ரோசம்மாள்.

"சரி சிஸ்டர்."

யாரும் திரும்பவில்லை.

ரவுண்டு வருவதற்கு முன்னால் இப்படி இல்லை. கூடத்தை ஒட்டிய சின்ன அறை ரோசம்மாளுடையது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். கதவைச் சாத்துவார்கள். கட்டிலில் ஏறிப் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, புருஷனிடம் சொல்லாததை எல்லாம் சொல்வார்கள். யாருக்கு நாள் தள்ளியது, யார் கலைத்தது, எந்த மாமியார் சோறு போடவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் தெருவில் போனால் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். அது அவளுக்குப் பிடிக்கும்.

கதவின் பின்பக்கம் ஒரு ஆணி. அதில் ஒரு கயிறு. கயிறு நிறைய வளையல்கள். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையலைப் பிள்ளை பிறந்த பிறகு பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் வழக்கம் போகவில்லை. மாதாமாதம் வயிறு பார்த்த ரோசம்மாளுக்கு வந்தது. அவள் ஒன்றைக்கூடப் போட்டுக்கொண்டதில்லை. கோர்த்து மாட்டினாள். கதவைச் சாத்தினால்தான் கயிறு தெரியும். உள்ளே வந்து மனம் திறந்தவர்கள் மட்டும் பார்த்த கயிறு அது.

இப்போது கதவு திறந்தே கிடந்தது. கயிற்றை யாரும் பார்ப்பதில்லை.

பூமிகா கலியன் வீட்டு மருமகள். கலியனுக்கு நெல் வயல் உண்டு. ரோசம்மாளின் அம்மா அந்த வயலில் நடவு நட்டவள். கூலியைப் பின்கட்டு வாசலில் நின்று வாங்கியவள். ரோசம்மாள் செவிலியர் புடவையோடு முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது, கலியனின் மனைவி குப்பம்மாள் முன்கூடத்தில் நாற்காலி எடுத்துப் போட்டாள். துடைத்துப் போட்டாள். ரோசம்மாள் அதில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பவில்லை.

அந்த வீட்டு மருமகள் வந்து தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் இருப்பவளிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

அன்று ரவுண்டு முடிந்து பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரோசம்மாள் உள்ளே பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கிறிஸ்டினாவின் குரல் கேட்டது.

"கொழந்த பொறந்ததும் என் வளையலு ஒங்களுக்குத்தான்க்கா."

"ஏய், பைத்தியம். அது சிஸ்டருக்குத் தர்றது."

"அவங்களண்ட கயிறு நெறைய இருக்குது. ஒங்களுக்குத்தான்."

"நானும் அக்காவுக்குத்தான் குடுப்பேன்," என்றாள் ஸ்நேகா. அவளும் கம்பெனிக்குப் போகிறவள், தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவள். "எங்க மாமியாக்காரி கேட்டா ஒடஞ்சிடுச்சின்னு சொல்லிடுவேன்."

சிரிப்பு. வளையல் சத்தம்.

ரோசம்மாள் சுருட்டிய பஞ்சைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். அக்கா மருமகள். சொந்த ரத்தம் மாதிரி. தலை சுற்றி விழுந்தபோது ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓடியது யார்?

அடுத்த ரவுண்டில் அவள் ஒரு காரியம் செய்தாள். சின்னக் காரியம்.

வட்டத்தில் இருந்தவர்கள் ஒற்றைப்படை. ஜோடி சேர்ந்தால் ஒருத்தி மிஞ்சுவாள். மிஞ்சுகிறவளுக்குச் செவிலியர் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட விதி. எப்போதும் மிஞ்சுகிறவள் பூமிகா. மற்றவர்களுக்கு பி.பி. பட்டியைக் கையில் கட்டத் தெரியவில்லை என்று ஒவ்வொரு ஜோடியாகப் போய் உதவிக்கொண்டிருப்பாள். கடைசியில் ரோசம்மாளிடம் வந்து கையை நீட்டுவாள்.

அன்றும் நீட்டினாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே," என்றாள் ரோசம்மாள். "ஊருக்கே பாக்கற. உன்னோடத நீயே பாத்துக்கோ."

பூமிகா ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"சரி சிஸ்டர்."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டாம் ஷிஃப்ட் பெண்கள் அவசரப்படுத்தினார்கள். "நூத்திபத்து, எழுவது," என்றாள் பூமிகா. ரோசம்மாள் அதை எழுதிக்கொண்டாள். பட்டி கட்டியதை அவள் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

அதற்கடுத்த ரவுண்டிலும் அதே எண். ரோசம்மாள் நிமிராமல் எழுதினாள்.

மூன்றாவது ரவுண்டு அன்று வெயில் அதிகம். உருக்காலைப் பக்கமிருந்து புகை தாழ்வாக வந்தது. கூடத்தில் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. ரோசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தப்போக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். எல்லோரும் கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். இத்தனை நாளில் முதல் முறை. கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் பேசினாள்.

ஸ்நேகா ஏதோ கேட்டாள். பூமிகா பதில் சொன்னாள். வழக்கம்போலக் கையை ஆட்டிச் சொன்னாள்.

ரோசம்மாளின் வயிறு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. காதைக் கூர்மையாக்கினாள்.

கை ஆடியது. சத்தம் வரவில்லை.

அந்தச் சத்தத்தை அவளைப் போல யாரும் கேட்டதில்லை. சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சமுதாய வளைகாப்பு நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவள். எத்தனை குலுங்கலுக்கு எத்தனை சிரிப்பு என்று தெரியும். அன்று தன் கையாலேயே பூமிகாவுக்குப் போட்டுவிட்ட வளையல்கள். தாராளமாகப் போயின. முழங்கை வரை ஓடின.

ரோசம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தாள். வட்டத்துக்குள் நடந்து போய்ப் பூமிகாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கையக் குடு."

"இன்னா சிஸ்டர்?"

வளையல்கள் சதைக்குள் பதிந்து கிடந்தன. நடுவில் சதை பிதுங்கியிருந்தது. விரல்கள் பளபளவென்று இருந்தன. ரோசம்மாள் கட்டைவிரலால் புறங்கையை அழுத்தினாள். குழி விழுந்தது. எழவில்லை. முகத்தைப் பார்த்தாள். இமை தடித்திருந்தது. தினமும் வெறுத்த முகம். இன்று காலையில் அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

"தலைவலி இருக்குதா?"

"வெயிலுக்கு சிஸ்டர்."

"கண்ணு?"

பூமிகா கண்ணைக் கசக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "பூச்சி பறக்கற மாதிரி இருக்குது."

"பட்டி எடு," என்றாள் ரோசம்மாள். கிறிஸ்டினா ஓடினாள். ரோசம்மாளே கட்டினாள். எந்திரம் உறுமி நின்றது. நூற்று எழுபது, நூற்றுப் பத்து. மறுபடி பார்த்தாள். குறையவில்லை.

"போன ரவுண்டுல பாத்தியா நீ?"

"இல்ல."

"அதுக்கு முந்தி?"

பூமிகா இல்லையென்று தலையசைத்தாள். "ஊட்ல கொஞ்சம் வீங்குச்சி. எனக்கு பி.பி. கூடிச்சின்னா இவளுங்க பயந்துடுவாளுங்க சிஸ்டர். எல்லாம் என்னையே பாத்துக்கினு இருக்கறாளுங்க."

டாக்டரம்மா ஓடி வந்தார். பூமிகாவை ரோசம்மாளின் அறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வலிப்பு வராமல் இருக்க இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். நூற்றெட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. "கையில சலைன் லைன் போடணும் சிஸ்டர். வளையலைக் கழட்டுங்க," என்றார் டாக்டரம்மா.

ரோசம்மாள் சோப்புத் தண்ணீர் தடவினாள். இழுத்தாள். நகரவில்லை. பூமிகா பல்லைக் கடித்தாள்.

"ஒடைக்கணும்."

வாசலில் நின்ற ஸ்நேகா உள்ளே வந்துவிட்டாள். "வாணாம் சிஸ்டர். வளைகாப்பு வளையலு. கொழந்த பொறக்கறதுக்கு முன்ன ஒடைச்சா… அவங்க ஊட்டுக்காரருக்கு ஆவாது. அவங்க மாமியாருக்குத் தெரிஞ்சா ஒங்கள சும்மா உடமாட்டாங்க."

"நீ வெளிய போ."

"சின்னத்தை," என்றாள் கிறிஸ்டினா. அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் ஒரு சந்தேகம் இருந்தது. ரோசம்மாளுக்கு அது குத்தியது. இந்த வளையல்களை உடைக்க வேண்டும் என்று அவள் நினைக்காத செவ்வாய்க்கிழமை உண்டா? கிறிஸ்டினாவுக்கு அது தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மணிக்கட்டுக்கும் வளையலுக்கும் நடுவில் துணியைச் செருக இடமில்லை. மேலே துணி சுற்றினாள். இடுக்கியால் பிடித்து நெரித்தாள். முதல் வளையல் உடைந்தது. நாட்கணக்காக ஆசைப்பட்ட சத்தம்.

"ஒடைங்க சிஸ்டர்," என்றாள் பூமிகா, கண்ணைத் திறக்காமல்.

ஒவ்வொன்றாக உடைத்தாள். இரண்டு கைகளும் வெறுமையாயின. மணிக்கட்டில் வளையம் வளையமாக வரி விழுந்திருந்தது. ஒரு கீறல். ஒரு சொட்டு ரத்தம். ரோசம்மாள் அதைத் தன் புடவை நுனியால் துடைத்தாள்.

ஆம்புலன்சில் அவளும் ஏறினாள். தச்சூர் கூட்டு ரோட்டில் லாரிகள் வழி விடவில்லை. சைரன் கத்திக்கொண்டே நின்றது.

"சிஸ்டர்."

"பேசாத. கண்ண மூடு."

"சொல்லிடறேன். எனக்கு இன்னா ஆவுமோ. ஸ்நேகா சத்து மாத்தர முழுங்கறதில்ல. கொழந்த கறுப்பா பொறக்கும்னு அவ மாமியாரு சொன்னாளாம். கக்கூஸ்ல போட்டுடறா."

"சரி."

"கிறிஸ்டினாவ பென்னி அடிக்கறான்."

ரோசம்மாள் சலைன் பாட்டிலைப் பிடித்திருந்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

"அவ ஒங்களண்ட சொல்லாததுக்கு நீங்க கோச்சிக்காதீங்க. ஒங்க அக்கா பையன். ஒங்களண்ட எப்புடி சொல்லுவா? நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

வண்டி நகர்ந்தது. அவள் கேட்டு ஏங்கியதெல்லாம் இப்போது மடியில் வந்து விழுந்தது. வாங்கிக்கொள்ள ஆசையாக இல்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். கையளவு இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பூமிகாவுக்கு வலிப்பு வரவில்லை. இன்னொரு நாள் போயிருந்தால் வந்திருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். எத்தனை நாளாக வீக்கம் என்று கேட்டார்.

"நான் பாக்காம விட்டுட்டேன்," என்றாள் ரோசம்மாள்.

பூமிகாவின் புருஷன் அன்புசெல்வன் வயலிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். காலில் சேறு. பின்னால் குப்பம்மாள். மருமகளின் கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"வளையல ஒடைச்சது யாரு?"

"நான்தான்."

குப்பம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "உசுர வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"அப்ப போவுது வளையலு," என்று சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். தன் பக்கத்தில் தரையைத் தட்டினாள். ரோசம்மாள் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பென்னி ஷிஃப்ட் முடிந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

"வா சின்னம்மா. சாப்டறியா?"

"இன்னொரு தபா அவ மேல கை வெச்சே, ஸ்டேஷன்ல நானே போய் எழுதிக் குடுப்பேன். அக்கா புள்ளன்னு பாக்கமாட்டேன்."

பென்னியின் கை தட்டிலேயே நின்றது. கிறிஸ்டினா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?" என்றாள்.

"யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லியா?"

பொய். பாதி பூமிகா கேட்டுக்கொண்டதற்காக. பாதி தனக்காக. கிறிஸ்டினா நம்பினாள். அவள் கண் கலங்கியது. ரோசம்மாளுக்கு அது இனித்தது. இனிக்கிறதே என்று கூசியது.

அடுத்த ரவுண்டில் பூமிகாவின் இடம் காலியாக இருந்தது. மாத்திரையால் பிள்ளை கறுக்காது என்று ரோசம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள். ஸ்நேகா தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் யாரோ வீடியோ காலில் பூமிகாவைக் கூப்பிட்டார்கள். போன் கைக்குக் கை வட்டமாகப் போனது. ஒவ்வொரு கையிலும் ஒரு சிரிப்பு. அது நாற்காலிக்கு வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துபோனது.

கிறிஸ்டினாவுக்குப் பையன் பிறந்தான். சுகப்பிரசவம். சில நாள் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்தாள். உள்ளே பச்சை வளையல்கள்.

ரோசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"சின்னத்தை, இத பூமிகாக்காவண்ட குடுத்துடுறீங்களா? அவங்களுது ஒடஞ்சி போச்சில்ல. தடுப்பூசி போட இங்கதான வருவாங்க."

நீட்டிய கையை மடக்க முடியாது. வாங்கிக்கொண்டாள்.

அவள் போன பிறகு ரோசம்மாள் அறைக் கதவைச் சாத்தினாள். கயிற்றை அவிழ்த்தாள். பச்சை வளையல்களைக் கோர்த்து முடிச்சுப் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. உடைந்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

புதன்கிழமை தடுப்பூசி நாள். கூடம் முழுக்க அழுகை. பூமிகா வந்தாள். இளைத்திருந்தாள். கைகள் வெறுமையாக இருந்தன. பிள்ளைக்கு எடை ஏறியிருந்தது. ஊசி போட்டதும் வீறிட்டது.

"பால் குடுக்கணும் சிஸ்டர். உள்ள போவட்டா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ரோசம்மாள் பச்சை வளையல்கள் நினைவு வந்து பின்னாலேயே போனாள். பூமிகா கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை மார்போடு அணைத்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மாம் வளையலு சிஸ்டர். நான் பாத்ததே இல்ல."

"நீ இங்க வந்து கதவச் சாத்தினதே இல்லியே."

"அல்லாம் ஒங்களுக்குக் குடுத்ததா?"

"ஆமாம்," என்று சொல்ல வாயெடுத்தாள் ரோசம்மாள்.

கயிற்றை இறக்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"இந்தப் பச்ச உன்னுது. கிறிஸ்டினா குடுத்தா."

"எனக்கா? இது ஒங்களுக்குத்தானே தரணும்."

"உனக்குத்தான் குடுத்தா. கையக் குடு."

பிள்ளையைத் தாங்காத கையைப் பூமிகா நீட்டினாள். ரோசம்மாள் முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தாராளமாகப் போயின.

"ஆட்டு," என்றாள்.

"இன்னாது?"

"கைய ஆட்டு."

பூமிகா ஆட்டினாள். வெளியே கூடத்தில் பேச்சு நின்றது.

"ஏய், பூமிகாக்கா உள்ள இருக்கறாங்கடி!"

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். ரோசம்மாளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டார்கள். திறந்த கதவு கயிற்றின் ஆணியை மறைத்தது. பூமிகா எதையோ சொன்னாள். சிரித்தார்கள். வளையல் குலுங்கியது.

ரோசம்மாளுக்கு வயிறு எரிந்தது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு குலுங்கல்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.